விடை தெரிந்த கேள்வி

பிப்ரவரி 9

புள்ளிக்கு,

பதினாலு மாதம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்பதற்காக இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. கல்லூரி ரெக்கார்டு நோட்டில் போட்ட மாதிரியே கடைசி எழுத்துக்கு வாலை நீட்டி விட்டிருக்கிறாய்.

கையெழுத்தை எங்கே பார்த்தேன் என்கிறாயா? உன் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி உலகம் முழுக்க முதலில் எதை ஆராய வேண்டும் என்று நீங்கள் ஒரு பட்டியல் போடுகிறீர்களாம். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு கேள்வி அனுப்பலாம் என்று எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர்கூட அதைப் படித்திருக்க மாட்டார். நான் வேலை மெனக்கெட்டுப் படித்தேன், அனுப்பினேன்.

என் கேள்வி: "கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் தட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருக்கும் மருத்துவமனையில், அவர் வேலைக்கு வராத நாளில் நோயாளிக்கு என்ன ஆகிறது?"

உங்கள் பதில்: "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தங்கள் கேள்விக்கான விடை ஏற்கெனவே அறியப்பட்டது என்பதால் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை." கீழே உன் வால்.

விடை தெரியும் என்கிறாய். எனக்கும் தெரியும். நாம் இருவரும் நினைப்பது ஒரே விடைதானா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் சண்டை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி. எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பது கோபத்தால் இல்லை. கண் கொஞ்சம் மங்கல்.

பெரும்புள்ளி ஆகிவிட்டாய், சந்தோஷம். ஆனால் தட்டில் கிருமிக் கூட்டங்களை எண்ணச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் புள்ளி வைத்து, கடைசியில் மூக்கிலும் மை பூசிக்கொண்டு நிற்பாயே, எனக்கு நீ அந்தப் புள்ளிதான்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 24

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது.

அந்தக் கேள்வி உங்களுடையது என்று எனக்குத் தெரியாது. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் கேள்விகள் வந்தன. வந்தவுடனே பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுவிடுவோம், யாருக்கும் யார்மேலும் சாய்வு வரக் கூடாது என்பதற்காக. பதில் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடும்போதும் எண்தான் இருக்கும், பெயரை அப்புறம் வேறு ஆள் சேர்ப்பார். உங்களுடையது 2316. ஜன்னல் திறக்காத ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இரண்டு மாதமாக உட்கார்ந்து சலிக்கிறோம். இது கேள்விதானா? ஒரு நாட்டுக்கு மட்டும் இல்லாமல் பலருக்கும் பொருந்துமா? விடை தெரியாததா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகும். இல்லையென்றால் காகிதத்தின் ஓரத்தில் காரணத்தை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். உங்கள் காகிதத்தில் "வி.தெ." என்று எழுதியது நான்தான். விடை தெரிந்தது. ஒரு நாளைக்கு நூறு முறை எழுதுகிறேன், விரல் தானாகப் போகிறது.

மிஞ்சுகிற கேள்விகளுக்கு இருநூறு நிபுணர்கள் மதிப்பெண் போடுவார்கள். மேலே வருகிற நாற்பதுதான் பட்டியல். அடுத்த பத்து வருடத்துக்கு ஆராய்ச்சிக்கு ஆளும் பொருளும் கொடுக்கிறவர்கள் அந்த நாற்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் இதில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது. உங்கள் கேள்விக்கு விடை, இன்னொரு ஆளை வேலைக்கு எடுப்பது. அது நிர்வாகம், ஆராய்ச்சி இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அண்ணன் காலில் ஆணி குத்திய புண்ணோடு வந்து படுத்த நாலு நாளும் நீங்கள் அதே கட்டடத்தில் இருந்தீர்கள். நாலு நாளும் அவருக்குக் கேட்காத மருந்துதான் ஏறியது. அடக்கத்துக்கு வந்தபோது முன்னறையில் நின்று கேட்டேன், "ரிப்போர்ட் என்னாச்சு?" என்று. "லேட்டாயிடுச்சு" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினாலு மாதம் இருந்திருக்கிறேன். லேப் உங்களுடையது. சொந்தப் புருஷனுக்கே லேட்டா என்று அன்றைக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டது தப்பாக இருக்கலாம். கேள்வி தப்பில்லை.

இப்படிக்கு,
(கையெழுத்து. வால் வைக்கவில்லை.)

*

மார்ச் 10

புள்ளி,

"நீங்கள்" எல்லாம் பலமாக இருக்கிறது. உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட புதிதில் வம்புக்கு "அண்ணி, நீங்க" என்பாய், எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

உன் சல்லடையைப் பற்றிச் சொன்னாய். என் சல்லடையை நீ மறந்திருப்பாய், இங்கே வேலையை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறதே. காலையில் கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தால் முப்பது நாற்பது தட்டு. ஒவ்வொன்றிலும் கிருமி புல் முளைத்த மாதிரி முளைத்திருக்கும், அதன் நடுவே ஆறு மருந்து வில்லைகள். எந்த வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் இருக்கிறதோ அந்த மருந்து கேட்கும். வில்லையின் விளிம்புவரை முளைத்திருந்தால் கேட்காது. அளந்து எழுதி மாடிக்கு அனுப்ப வேண்டும். உன் காலத்தில் நாலு பேர் செய்தோம். ஒருவர் ஓய்வு, ஒருத்தி மாற்றல், நீ வெளிநாடு. காலியிடம் நிரப்பப்படும் என்று ஒரு சர்க்குலர் சுவரில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

மிச்சம் இருப்பது நானும், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறவரும். சர்க்கரைக்காரரைத் தட்டு பக்கம் கூப்பிட்டால், "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லைம்மா" என்று நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொள்வார்.

பதினாலு மாதமாக நான் ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. ஞாயிறும் வருகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது. கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்கிறார், அழுத்தமும் ஏறியிருக்கிறதாம். அறுவை செய்தால் சில நாள் வார்டில் படுக்க வேண்டும், மூன்று வாரம் குனியக் கூடாது, லென்ஸ் பார்க்கக் கூடாது. "தள்ளிப்போட்டா கண்ணு போயிடும்மா" என்கிறார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். கை வரவில்லை.

அண்ணி

*

மார்ச் 27

அண்ணி,

உனக்குப் பைத்தியமா? கண் போய்விட்டால் எதைக் கொண்டு தட்டைப் படிப்பாய்? மூன்று வாரம்தானே. சாம்பிளைப் பக்கத்து ஊர் லேபுக்கு அனுப்பச் சொல். பெரிய டாக்டரிடம் சொல். இல்லை, அவருடைய நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். எனக்கு மட்டும் என்று வந்து வாய்த்தாயே.

"நீங்கள்" போய்விட்டது, பார்த்தாயா. கோபம் வந்தால் அது நிற்பதில்லை.

ஆனால் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதினாலு மாதமாக லீவு இல்லை என்கிறாய். உன் கேள்வியிலும் லீவுதான். எனக்குக் கொஞ்சம் கணக்கு வரும். அண்ணனை வியாழக்கிழமை சாயங்காலம் சேர்த்தீர்கள், அன்றைக்கே ரத்தம் எடுத்தாயிற்று. வெள்ளி காலை கிருமி வளர்ந்திருக்கும், மதியத்துக்குள் தட்டில் போட்டிருப்பாய். அப்படியானால் சனிக்கிழமை காலையில் விடை தயார். அவர் போனது ஞாயிறு சாயங்காலம். நடுவில் ஒன்றரை நாள். ஒன்றரை நாள் சரியான மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. பிழைக்க மாட்டார் என்றும் யாராலும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை அந்த ரிப்போர்ட் எங்கே இருந்தது? யார் கையில் மாட்டிக்கொண்டது? யாரையாவது காப்பாற்றுகிறாயா? நர்ஸா, டாக்டரா, சர்க்கரைக்காரரா? சொல். நான் இங்கிருந்துகொண்டு யாரையும் எதுவும் செய்துவிட மாட்டேன். தெரிந்தால் போதும்.

புள்ளி

*

ஏப்ரல் 14

புள்ளி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

ரிப்போர்ட் யார் கையிலும் மாட்டவில்லை. எழுதப்படவே இல்லை. தட்டு பெட்டிக்குள் இருந்தது, லேப் சாவி என் கைப்பையில் இருந்தது. நான் மாடியில் உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நான்தான் தட்டு போட்டேன். சாயங்காலம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. மேலே போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை காலை எழுந்து, "கீழே ஒரு எட்டு போயிட்டு வந்துடறேங்க" என்றேன். "போகாதடி" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என்னை அவர் அப்படிக் கெஞ்சியது கிடையாது, உனக்கே தெரியும், தண்ணீர்கூடத் தானே எழுந்து எடுத்துக் குடிக்கிற ஆள். உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மறந்துவிட்டேனா என்று கேட்பாய். மறக்கவில்லை, மறந்திருந்தால் தேவலை. கீழே பெட்டியில் இருந்தது எண் போட்ட ஒரு தட்டு. வருடக்கணக்காக எண்களைத்தானே பார்க்கிறேன். மேலே என் கையைப் பிடித்திருந்தவர் என் புருஷன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அந்த இரண்டு நாளும் எனக்கு உறைக்கவில்லை. சாவியை யாரிடமாவது கொடுத்துத் தட்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம், நீ அங்கிருந்தே பார்த்துச் சொல்லியிருப்பாய். இது எனக்குத் தோன்றியது நாலு மாதம் கழித்து, துணி காயப்போடும்போது.

திங்கட்கிழமை காலை, அடக்கத்துக்கு முன்னால், லேபுக்குப் போனேன். அவருக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்தின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. அதற்குப் பக்கத்து வில்லை, நம் அலமாரியில் எப்போதும் கிடக்கிற பழைய மருந்து, அதைச் சுற்றி வட்டம் பளிச்சென்று இருந்தது. அளந்தேன். எழுதினேன். யாருக்குக் கொடுப்பது? ஃபைலில் வைத்தேன்.

லேபுக்கும் வார்டுக்கும் நடுவில் பதினெட்டுப் படி.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது என்றுதான் உன்னிடம் "லேட்டாயிடுச்சு" என்று ஒரு சொல்லில் முடித்தேன். நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், என்னாலும் இனி முடியவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு நீ போன் செய்தாய். நான், "கீழே கொஞ்சம் வேலை இருக்கு, போகலாமான்னு பாக்கறேன்" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவு இருக்கிறதா? இல்லாவிட்டால் விட்டுவிடு. உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

இதுதான் என் விடை. உன்னுடையதும் இதுதானா?

அண்ணி

*

ஏப்ரல் 29

அண்ணி,

நினைவு இருக்கிறது.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கையில் குடை. "வேலை கிடக்குது விடு. அண்ணனை விட்டு ஒரு நிமிஷம்கூட நகராதே. நீ போயிட்டா பயந்துடுவார்" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. தட்டு போட்டாயா என்று கேட்கவில்லை. கிருமியைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவள் நான்.

அப்புறம் வந்து, முன்னறையில் எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கேட்டேன். நீ வாயைத் திறந்து, "நீதானேடி நகராதேன்னே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

மன்னிப்பு என்கிற சொல்லை எழுதிப் பார்த்தேன், அது நம் இருவருக்கும் போதவில்லை.

செய்ததை மட்டும் சொல்கிறேன். தள்ளிவிட்ட கேள்விகளின் பெட்டியைத் திறந்து 2316-ஐ எடுத்தேன். "வி.தெ."வை அடித்து, "விடை தெரியும், ஆனால் ஏன் நடப்பதில்லை என்று தெரியாது" என்று எழுதிக் குழுத் தலைவரிடம் கொண்டு போனேன். களைத்த மனுஷன், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு படித்தார். அனுப்பியவர் எனக்கு வேண்டியவரா என்று கேட்டார். என் அண்ணன் மனைவி என்றேன். அப்படியானால் இந்தக் கேள்வியை எடுக்கும்போது நான் அறையில் இருக்கக் கூடாது, அதுதான் விதி. நேற்று எடுத்தார்கள். நான் வராந்தாவில், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே பதினொரு நிமிடம் பேசினார்கள். மதிப்பெண் போட அனுப்பலாம் என்று முடிவாகியிருக்கிறது.

இது எதற்கும் ஈடு இல்லை என்று தெரியும். நீ கண்ணைப் பார்.

புள்ளி

*

மே 15

புள்ளி,

நல்ல வேலை செய்தாய். ஆனால் எனக்காக வேலையை இழந்துவிடாதே, இருப்பதையும் கெடுத்துக்கொண்டு இங்கே வந்து நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து சர்க்கரைதான் பார்க்க வேண்டும்.

நீ எழுதியதைப் படித்தபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, தூக்கம் வந்தது. லேப் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். எத்தனை நாள் தூக்கமோ அது. சர்க்கரைக்காரர் என்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்க மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனுஷன் அவ்வளவு மோசமில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. போன செவ்வாய் ஒரு பிரசவ வார்டுத் தட்டு. ஒரு வில்லைக்கு வட்டம் நன்றாக இருக்கிறது என்று அளந்து, கேட்கும் என்று எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடப் போகும்போது மனசு ஒப்பவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ச் சாய்த்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் மெல்லிசாக, தூசி மாதிரி முளைத்திருந்தது. கேட்காது. அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

நான் போனால் தட்டைப் படிக்க ஆள் இல்லை. நான் இருந்தாலும் இனி அரை ஆள்தான். பக்கத்து லேபுக்கு அனுப்பச் சொன்னாய். கேட்டாயிற்று. ரிப்போர்ட் வர ஏழு நாள் ஆகுமாம். ஏழு நாளில் வார்டில் பாதிப் பேர் ஒன்று வீட்டுக்குப் போயிருப்பார்கள், அல்லது உன் அண்ணன் போன இடத்துக்கு.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். பாவம், அவர் எழுதாத கடிதம் இல்லை. "உங்களுக்குப் பதிலா வேலை தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்க, நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார். "என் கண்ணுதான் மூடிட்டு வருது டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதை எழுத இரண்டு நாள் ஆனது. கோடு போட்ட காகிதத்தில் கோடு தெரிவதில்லை.

அண்ணி

*

ஜூன் 3

அண்ணி,

பட்டியல் வந்துவிட்டது.

நாற்பது கேள்விகள். நல்ல கேள்விகள்தான், குறை சொல்ல மாட்டேன். புது மருந்து, தடுப்பூசி, பண்ணைகளில் கொடுக்கிற மருந்து, கழிவுநீர். உன் கேள்வி நாற்பத்து மூன்றாவது. மூன்று இடத்தில் போய்விட்டது. "விடை காண முடியுமா" என்பதில் ஏறக்குறைய முழு மதிப்பெண். "நோயாளிக்குப் பயன்படுமா" என்பதிலும் அப்படித்தான். "புதியதா" என்பதில் முட்டை. இருநூறு பேருக்கும் அது பழைய கதை.

தலைவர் என்னைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். அடுத்த பட்டியல் பத்து வருடம் கழித்து வரும், அப்போது மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பெட்டியில் மூவாயிரத்துக்கு மேல் காகிதங்கள், பாதிக்கு மேல் என் கையால் "வி.தெ." அவற்றில் இன்னும் எத்தனை அண்ணிகள் இருக்கிறார்களோ. எனக்கு அலுப்பு வந்துவிட்டது. வேலையின்மேல் இல்லை. என் விரல்மேல்.

அப்புறம் ஒன்று தோன்றியது. விடை தெரியும் என்று எழுதியது நான்தானே? விடை, இன்னொரு ஆள். படித்தவள், அதே லேபில் ஆறு வருடம் தட்டு பார்த்தவள், சேர்த்துவைத்த லீவு முப்பது நாள் உள்ளவள். பெரிய டாக்டருக்கு என் சான்றிதழ்களை அனுப்பி, மூன்று வாரம் சம்பளமில்லாமல் வேலை பார்க்க அனுமதி கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எப்போது வருகிறீர்கள்?"

பதினெட்டாம் தேதி வருகிறேன். நீ மறுநாள் காலை வார்டில் சேர்கிறாய். நாள் குறித்தாயிற்று, கண் டாக்டரிடம் பேசியதும் நான்தான். மூன்று வாரத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு மட்டும் நிஜமாகவே விடை தெரியாது.

புள்ளி

*

ஜூன் 19, காலை
(லேபில், இன்குபேட்டர் கதவில் ஒட்டியது)

புள்ளி,

நேற்று நீ வந்து இறங்கியதும் இரண்டு பேரும் காய்ந்த துணியை மடித்தோம், அதுவே போதும். இதையும் எழுதியே சொல்லிவிடுகிறேன், வழக்கமாகிவிட்டது.

பெட்டியின் கதவை முழங்காலால் தள்ளி மூடு. கையால் மூடினால் மூடினது மாதிரி இருக்கும், ஆனால் மூடாது. டெம்பரேச்சர் முள் ஒன்று கூடக் காட்டும், நம்பாதே. அளவுகோல் இடது டிராயரில். உனக்குப் புள்ளி வைக்க சிவப்புப் பேனா வாங்கி வைத்திருக்கிறேன், மூக்கில் வைத்துக்கொள்ளாதே. வட்டத்தை எப்போதும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஆண்கள் வார்டு நர்ஸ் போனை எடுக்க மாட்டார், ஆளே போனால்தான் உண்டு. சர்க்கரைக்காரருக்குப் பதினொரு மணிக்கு டீ வந்தால் நல்ல மனசு வரும், எதையும் அப்போது கேள்.

சாவி இதோ, ஆணியில் மாட்டியிருக்கிறேன். பதினெட்டு மாதமாக இதைக் கைப்பையை விட்டு எடுத்ததில்லை. பை லேசாக இருக்கிறது, எதையோ மறந்து வந்த மாதிரி இருக்கிறது.

லீவில் போகிறேன்.

அண்ணி

*

ஜூன் 21, சனிக்கிழமை

அண்ணி,

கண் வார்டுக்கு வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், கட்டோடு. எழுப்ப மனமில்லை. இதை எழுதி நர்ஸிடம் கொடுக்கிறேன், விழித்ததும் படித்துக் காட்டுவார். நர்ஸம்மா, நடுவில் நிறுத்தாமல் படித்துவிடுங்கள்.

இன்றைக்குக் காலையில் பெட்டியைத் திறந்தேன். முப்பத்தாறு தட்டு. கதவை முழங்காலால்தான் மூடினேன், முட்டி வலிக்கிறது, இத்தனை வருடம் எப்படி மூடினாயோ. பதினேழாவது தட்டு ஆண்கள் வார்டு, வியாழன் இரவு சேர்ந்தவர், கையில் இரும்பு கிழித்த புண். ஏறிக்கொண்டிருக்கிற மருந்துக்கு வட்டம் இல்லை. பக்கத்தில் அந்தப் பழைய மருந்துக்கு இருக்கிறது. உன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்புறம் ஜன்னலிடம் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். மூன்று தடவை அளந்தேன். சர்க்கரைக்காரர் டீயோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "அந்த வட்டத்தை எங்கேர்ந்து எங்கே அளக்கணும்?" என்றார். காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவு இல்லை என்றேன். திங்கட்கிழமை மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ரொம்ப நம்பாதே.

ரிப்போர்ட்டை எழுதி, யாரிடமும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு ஏறினேன். பதினெட்டுப் படிதான், நீ சொன்னது சரி. பத்தே காலுக்கு டாக்டர் கையில் கொடுத்தேன். பத்தரைக்குள் மருந்தை மாற்றிவிட்டார்கள். பிழைப்பாரா என்று தெரியாது, நேற்றைவிட இன்றைக்கு வாய்ப்பு அதிகம்.

அவர் மனைவி கட்டில் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் வயதுதான் இருக்கும். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "கீழே எங்கயாவது போகணுமாம்மா? சீட்டு ஏதாவது வாங்கணுமா? இவர் விடமாட்டேங்கறார்" என்றார்.

அந்த வாசகத்தை நான் இன்னொரு முறை சொல்வேன் என்று நினைத்ததே இல்லை, அண்ணி. அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன்.

"நீங்க அவரை விட்டு நகர வேண்டாம். கீழே ஆள் இருக்கு."

புள்ளி